டைஎத்தில்கார்பமசின்: யானைக்கால் நோய் மருந்தின் வரலாறு

டைஎத்தில்கார்பமசின் என்பது யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுக்களுக்கு எதிராகப் பயன்படும் மருந்து. சுருக்கமாக டி.இ.சி. என்று வழங்கப்படுகிறது. 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் இதன் திறன் முதன்முதலில் கண்டறியப்பட்டது. ஹெட்ராசான், பானோசைடு ஆகிய வணிகப் பெயர்களில் மருத்துவர்களிடையே அறிமுகமான இம்மருந்து, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் யானைக்கால் நோய் ஒழிப்புப் பணியின் அடிப்படை மருந்தாக நீடிக்கிறது.

கண்ணாடிக் குழாயில் புழுவைக் கொல்லாத ஒரு பொருள் உயிருள்ள உடலுக்குள் அதே புழுவைச் சில நிமிடங்களில் மறையச் செய்கிறது என்பது இம்மருந்தின் தனித்தன்மை. இந்த முரண்பாட்டை விளக்க முயன்ற ஆய்வுகளும், நோயற்றவர் போல் தோன்றுபவருக்கும் மருந்து கொடுக்க வேண்டியிருந்த பொதுச் சுகாதார முயற்சிகளும் சேர்ந்ததே இம்மருந்தின் வரலாறு.

நோயும் புழுவும்

யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுக்கள் மூன்று. அவற்றுள் உச்செரேரியா பான்கிராஃப்டி மிகப் பரவலானது. புரூஜியா மலாயி, புரூஜியா திமோரி ஆகியவை ஆசியாவின் சில பகுதிகளில் மட்டும் காணப்படுபவை. முதிர்ந்த புழுக்கள் நூல் போன்றவை. உச்செரேரியா பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் வரை வளரும். இவை மனிதனின் நிணநீர் நாளங்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்களை இலட்சக்கணக்கில் ஈனுகின்றன. மைக்ரோஃபைலேரியா எனப்படும் இந்த நுண்புழுக்கள் இரத்தத்தில் சுற்றி வருகின்றன. கொசு கடிக்கும்போது அதன் உடலுக்குள் சென்று, அங்கே வளர்ச்சியடைந்து, அடுத்தவரைக் கடிக்கும்போது அவரைத் தொற்றுகின்றன. இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு.

இப்புழுவைப் பற்றிய அறிவு பல நாடுகளில் துண்டுதுண்டாகச் சேர்ந்தது. 1863-இல் பாரிசில் தெமார்க்கே என்ற அறுவை மருத்துவர் விரைவீக்க நீரில் நுண்புழுவைக் கண்டார். 1866-இல் பிரேசிலின் பாயியா நகரில் உச்செரர் அதைச் சிறுநீரில் கண்டார். 1872-இல் கல்கத்தாவில் டிமோத்தி லூயிஸ் மனித இரத்தத்தில் அது இருப்பதைக் காட்டினார். 1876-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டெடுத்தார். அதையடுத்துச் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன், நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். நுண்புழுக்கள் பகலில் இரத்த ஓட்டத்திலிருந்து மறைந்து இரவில் திரும்பி வருகின்றன என்பதையும் அவரே வெளிப்படுத்தினார். இதனால்தான் யானைக்கால் நோய்க்கான இரத்தப் பரிசோதனை இன்றும் பல இடங்களில் இரவில் நடைபெறுகிறது.

தொற்று ஏற்பட்டவரில் பெரும்பாலோருக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரிவதில்லை. சிலருக்குக் காய்ச்சலும் நெறிகட்டுதலும் வரும். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கால், கை, மார்பு ஆகியவற்றில் வீக்கமும், ஆண்களுக்கு விரைவீக்கமும் உண்டாகும். கால் வீங்கியவரின் இரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழு இருக்காது. நுண்புழு நிறைந்தவர் பெரும்பாலும் நலமாகத் தோன்றுவார். இந்நோயைக் கட்டுப்படுத்துவதில் பின்னாளில் ஏற்பட்ட பெரும்பாலான சிக்கல்களுக்கு இந்த ஒரு செய்தியே வேர்.

மருந்துக்கு முந்தைய காலம்

புழுவின் வாழ்க்கை வட்டம் தெரிந்த பின்னும் அதைக் கொல்லும் மருந்து நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஆர்செனிக் சேர்மங்களும் ஆண்டிமனி சேர்மங்களும் முயன்று பார்க்கப்பட்டன. இவை நச்சுத்தன்மை மிக்கவை. நாள் கணக்கில் ஊசி வழியாகச் செலுத்த வேண்டியவை. மருத்துவமனையில் படுத்திருக்கும் சிலருக்கு இவற்றைக் கொடுத்துப் பார்க்கலாமே தவிர, ஒரு கிராமத்துக்கோ நகரத்துக்கோ கொடுக்க இயலாது. ஆகவே கொசு ஒழிப்பு ஒன்றே நடைமுறை வழியாக இருந்தது.

இரண்டாம் உலகப் போர் இந்த நிலையை மாற்றியது. 1942 முதல் சமோவா உள்ளிட்ட பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படைகள் நிறுத்தப்பட்டன. சில மாதங்களிலேயே வீரர்கள் பலருக்குக் கைகால்களிலும் விரைப்பையிலும் வலியுடன் கூடிய வீக்கம் தோன்றியது. தீவு மக்கள் ‘முமு’ என்றழைத்த இந்நோய் ஃபைலேரியா தொற்றின் தொடக்க நிலை. உள்ளூரில் யானைக்கால் கொண்ட முதியவர்களைக் கண்ட வீரர்கள், தங்களுக்கும் அதே நிலை வரும் என்றும் ஆண்மை போய்விடும் என்றும் அஞ்சினர். ஆயிரக்கணக்கானோர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மலேரியாவும் ஃபைலேரியாவும் பாதித்த கடற்படை வீரர்களுக்கென ஒரிகன் மாநிலத்தின் கிளமத் ஃபால்ஸ் என்ற ஊரில் தனி முகாமே அமைக்கப்பட்டது. தொற்றுப் பகுதியை விட்டு நீங்கியதும் பெரும்பாலோர் நலமடைந்தனர். ஆனால் வெப்பமண்டல ஏழைகளின் நோயாகவே கருதப்பட்டுவந்த ஒன்றுக்கு மருந்து தேடும் அவசரம் அப்போதுதான் அமெரிக்க ஆய்வகங்களுக்கு வந்தது.

பருத்தி எலி

மருந்து தேடுவதற்குச் சோதனை விலங்கு தேவை. மனிதனின் உச்செரேரியா புழு வழக்கமான ஆய்வக விலங்குகளில் வளராது. இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வயல்வெளிகளில் திரியும் பருத்தி எலி. இந்த எலிகளுக்கு இயற்கையாகவே லிட்டோமோசாய்டஸ் என்ற ஃபைலேரியா தொற்று உண்டு. முதிர்ந்த புழுக்கள் எலியின் மார்புக்குழியிலும் நுண்புழுக்கள் அதன் இரத்தத்திலும் இருக்கும். தொற்றைப் பரப்புவது கொசு அன்று. ஒருவகை எலி உண்ணி. இது 1940-களின் நடுப்பகுதியில் கண்டறியப்பட்ட பின், தொற்றை ஆய்வகத்திலேயே ஏற்படுத்தவும் முடிந்தது.

இதன் பயன் எளிமையானது. மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எலியிடமிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து நுண்புழுக்களை எண்ணலாம். பின்னர் எலியை அறுத்து மார்புக்குழியில் முதிர்ந்த புழுக்கள் உயிருடன் உள்ளனவா என்று பார்க்கலாம். ஒரே விலங்கில் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்கும். ஆண்டிமனி சேர்மங்கள் முதலில் இவ்வாறே சோதிக்கப்பட்டன. இந்த எலி இல்லாமல் போயிருந்தால் டைஎத்தில்கார்பமசின் கண்டறியப்பட்டிருக்குமா என்பது ஐயமே. உடலுக்கு வெளியே எடுத்த புழுக்களின்மீது மட்டும் சோதித்திருந்தால், பயனற்றது என்று அதை ஒதுக்கியிருப்பார்கள்.

லெடர்லி ஆய்வகமும் சுப்பாராவும்

நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இயங்கிய லெடர்லி ஆய்வகம் அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தைச் சேர்ந்தது. அதன் ஆராய்ச்சிப் பிரிவை 1940-களில் வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்த அவர் சென்னையில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து வந்ததால் அறுவையியல் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார் என்பதும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்கு வழங்கப்பட்டது என்பதும் அவர் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்திகள். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் கற்பித்த பின், பாஸ்டன் சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். பாஸ்பரஸ் அளவிடும் முறை, பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. ஆகியவை தொடர்பான ஆய்வுகளில் ஹார்வர்டில் பங்கேற்று, 1940-இல் லெடர்லிக்கு வந்தார்.

அவர் தலைமையில் அங்கு ஒரே காலத்தில் பல ஆய்வுகள் நடந்தன. ஃபோலிக் அமிலத் தொகுப்பு, அதன் எதிர்ப்பொருளான அமினோப்டெரின், ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி ஆகியவை அந்த ஆய்வகத்திலிருந்து வெளிவந்தவை. ஃபைலேரியா மருந்துத் தேடலும் அவற்றுள் ஒன்று. பீமவரம் உள்ளிட்ட கோதாவரி வடிநிலப் பகுதி யானைக்கால் நோய் மிகுந்த நிலம் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

வேதியியலர் எஸ். குஷ்னர் குழு பைப்பரசின் என்ற வளையச் சேர்மத்திலிருந்து பல வழிப்பொருள்களை உருவாக்கியது. ஒட்டுண்ணியியலர் ஆர். ஐ. ஹெவிட் குழு அவற்றை ஒவ்வொன்றாகத் தொற்றுள்ள பருத்தி எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. அவற்றுள் ஒரு சேர்மம் தனித்து நின்றது. வாய்வழியாகக் கொடுத்தாலே எலியின் இரத்தத்திலிருந்து நுண்புழுக்கள் விரைந்து மறைந்தன. இயற்கையாகத் தொற்றிய நாய்களிலும் இதே விளைவு கிடைத்தது. விலங்குகளுக்குத் தீங்கு மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் எலிகளின் மார்புக்குழியில் இருந்த முதிர்ந்த புழுக்கள் பெரும்பாலும் சாகவில்லை. இந்த முடிவுகள் 1947-இல் ஹெவிட், குஷ்னர், சுப்பாராவ் உள்ளிட்டோரின் பெயர்களில் வெளியாயின.

அதே ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கப்பட்டது. சந்தியாகோ-ஸ்டீவன்சன், ஒலிவர்-கொன்சாலஸ், ஹெவிட் ஆகியோர் நடத்திய இச்சோதனையில் மனித இரத்தத்திலும் நுண்புழுக்கள் விரைந்து குறைவது உறுதியாயிற்று. ஊசியின்றி, மருத்துவமனைப் படுக்கையின்றி, விழுங்கும் மாத்திரையால் ஃபைலேரியாவை எதிர்கொள்ள முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சுப்பாராவ் தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் காலமானார். இம்மருந்து இந்தியாவில் பரவலானதை அவர் காணவில்லை.

கண்ணாடிக் குழாயில் செயல்படாத மருந்து

மருந்து கிடைத்தது, அது எவ்வாறு செயல்படுகிறது என்பது தெரியவில்லை. இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர்களுள் முதன்மையானவர் லண்டனிலிருந்த தேசிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஒட்டுண்ணியியலர் ஃபிராங்க் ஹாக்கிங். இவர் இயற்பியலாளர் ஸ்டீவன் ஹாக்கிங்கின் தந்தை ஆவார்.

ஹாக்கிங் குழு நுண்புழுக்களைக் குழாயில் வைத்து மருந்தைச் சேர்த்தது. மருந்தின் செறிவு, நோயாளியின் இரத்தத்தில் இருக்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு உயர்த்தப்பட்டபோதும் நுண்புழுக்கள் உயிருடன் நெளிந்துகொண்டிருந்தன. ஆனால் தொற்றுள்ள பருத்தி எலிக்கு மருந்தைச் செலுத்தியபோது, சில நிமிடங்களிலேயே இரத்தத்திலிருந்து அவை மறைந்தன. எங்கே போயின என்று உறுப்பு உறுப்பாகத் தேடியபோது, பெரும்பாலானவை கல்லீரலின் நுண்குழாய்களில் சிக்கியிருந்தன. அங்குள்ள விழுங்கணுக்கள் அவற்றைச் சூழ்ந்து அழித்துக்கொண்டிருந்தன.

இதிலிருந்து ஹாக்கிங் குழு எடுத்த முடிவு 1950-இல் விரிவாக வெளியானது. மருந்து புழுவை நேரடியாகக் கொல்வதில்லை. உடலின் பாதுகாப்பு அணுக்கள் அடையாளம் காணும்படி நுண்புழுவின் தன்மையை அது ஏதோ ஒரு வகையில் மாற்றுகிறது. கொல்லும் வேலையைச் செய்வது உடலே. இதற்கு மற்றொரு சான்றும் கிடைத்தது. விரைவீக்க நீருக்குள் மருந்து சென்று சேர்கிறது. ஆனால் அங்குள்ள நுண்புழுக்கள் சாவதில்லை. இரத்த ஓட்டத்தில் இருப்பவை அழிகின்றன, தேங்கிய நீரில் இருப்பவை தப்புகின்றன என்றால், வேறுபாடு மருந்தில் இல்லை, சூழலில் இருக்கிறது.

நுண்புழுக்கள் பகலில் எங்கே மறைகின்றன என்ற மேன்சன் காலத்துக் கேள்விக்கும் ஹாக்கிங் விடை தேடினார். பகலில் அவை நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் தங்குவதை அவருடைய ஆய்வுகள் காட்டின. சிறிதளவு டைஎத்தில்கார்பமசின் கொடுத்தால் அவை பகலிலேயே சிறிது நேரம் வெளி இரத்தத்துக்கு வருகின்றன என்பதும் அறியப்பட்டது. பெரிய அளவில் அழிக்கும் மருந்து, சிறிய அளவில் மறைவிடத்திலிருந்து வெளியே துரத்தியது. இரவில் வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுக்க இயலாத இடங்களில், பகலில் பரிசோதனை செய்யும் முறையாக இது பின்னர் பயன்பட்டது.

மசோட்டி எதிர்விளைவு

உடலே புழுவைக் கொல்கிறது என்பதன் மறுபக்கம் விரைவில் தெரிந்தது. 1948-இல் மெக்சிகோவின் மருத்துவர் லூயிஸ் மசோட்டி, ஆற்றுக் குருட்டு நோயாளிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்தார். அந்நோயை உண்டாக்கும் ஆங்கோசெர்கா புழுவின் நுண்புழுக்கள் தோலிலும் கண்ணிலும் வாழ்பவை. மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் கடும் அரிப்பு, தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் ஆகியன தோன்றின. தோலில் ஒரே நேரத்தில் ஏராளமான நுண்புழுக்கள் அழிந்ததன் விளைவு இது. கண்ணிலும் இவ்வாறு நிகழ்ந்து பார்வை கெடக்கூடும் என்பதால், ஆற்றுக் குருட்டு நோய் உள்ள பகுதிகளில் இம்மருந்து தவிர்க்கப்பட்டது. லோவா லோவா புழு இரத்தத்தில் மிகுதியாக உள்ளவர்களுக்கு மூளை பாதிக்கும் அபாயமும் கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவின் பல நாடுகள் யானைக்கால் நோய்க்கு வேறு மருந்தான ஐவர்மெக்டினை நம்ப வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

யானைக்கால் நோயிலும் இதே எதிர்விளைவு மென்மையான வடிவில் உண்டு. மாத்திரை விழுங்கிய அன்றோ மறுநாளோ காய்ச்சல், தலைவலி, உடல்வலி, குமட்டல் வரலாம். இரத்தத்தில் நுண்புழு மிகுந்தவருக்கே இது மிகுதி. தொற்றில்லாதவருக்குப் பொதுவாக ஒன்றும் நேர்வதில்லை. எனவே காய்ச்சல் என்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். ஆனால் நலமாக இருந்தவர் மாத்திரைக்குப் பின் படுத்துவிட்டால், ஊர் அதை மருந்தின் கேடாகவே பார்க்கும். ஆய்வகத்தில் விளங்கிய இந்தக் காரணத்தை மக்களிடம் விளங்கவைப்பது தனிப் பணியாயிற்று.

மருந்தே சான்றாதல்: வேலூர் ஆய்வு

தென்னிந்தியாவில் இம்மருந்து மற்றொரு நோயின் காரணத்தை வெளிக்கொணர உதவியது. இரவில் கடும் இருமல், மூச்சிரைப்பு, இரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகுதல் ஆகியவற்றைக் கொண்ட நோயொன்றை 1940-இல் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும் விவரித்தனர். 1943-இல் வைங்கார்ட்டன் அதற்கு வெப்பமண்டல ஈசினோஃபிலியா என்று பெயரிட்டு, ஆர்செனிக் மருந்து பயன் தருவதைக் காட்டினார். காசநோயென்றும் ஆஸ்துமாவென்றும் மயங்கப்பட்ட இந்நோயின் காரணம் தெரியாமலே இருந்தது. நோயாளிகளின் இரத்தத்தில் நுண்புழு எதுவும் கிடைக்கவில்லை.

1950-களில் இந்நோயாளிகளுக்கு டைஎத்தில்கார்பமசின் கொடுத்தபோது இருமலும் மூச்சிரைப்பும் விரைவில் தணிந்தன. ஃபைலேரியா புழுவுக்கான மருந்து இந்நோயைக் குணப்படுத்தினால், நோய்க்கும் ஃபைலேரியாவே காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1960-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், சி. கே. ஜோப், கால்ட் ஆகியோர் இந்நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றின் திசுக்களில் நுண்புழுக்களைக் கண்டு வெளியிட்டனர். இரத்தத்தில் தேடியும் கிடைக்காதவை திசுக்களுக்குள் சிக்கி அழிந்துகொண்டிருந்தன. டைஎத்தில்கார்பமசின் இல்லாமலே உடல் தானாக நுண்புழுக்களை அழிப்பதும், அந்த அழிப்பே நோயாக மாறுவதும் இதனால் விளங்கியது. இந்நோய்க்கு இன்றும் இதே மருந்துதான் கொடுக்கப்படுகிறது.

ஊர் முழுவதற்கும் மருந்து

இந்தியாவில் 1955-இல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் நோய்ப் பகுதி மக்கள் அனைவருக்கும் டி.இ.சி. மாத்திரை கொடுக்க முயன்றனர். எதிர்விளைவுகளாலும், நலமாக இருப்பவர் மருந்து உண்ண மறுத்ததாலும் அம்முயற்சி நிலைக்கவில்லை. திட்டம் நகர்ப்புறக் கொசுப்புழு ஒழிப்பின் பக்கமும், இரவு இரத்தப் பரிசோதனையில் நுண்புழு கண்டறியப்பட்டவருக்கு மட்டும் மருந்தளிக்கும் முறைக்கும் திரும்பியது. அவர்களுக்கான வழக்கமான அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 6 மில்லிகிராம் வீதம் பன்னிரண்டு நாள்.

பன்னிரண்டு நாள் மாத்திரையைத் தவிர்க்க ஹாக்கிங் வேறு வழி கூறினார். டைஎத்தில்கார்பமசின் சமையல் வெப்பத்தில் சிதைவதில்லை. எனவே சமையல் உப்பில் சிறிதளவு கலந்துவிட்டால், நாள்தோறும் உணவின் வழியே மருந்து உடலில் சேரும். ஒரு நாளைக்கு உட்கொள்ளும் அளவு மிகச் சிறிதாதலால் எதிர்விளைவும் குறைவு. பிரேசிலில் நடத்திய சோதனையின் முடிவை 1967-இல் ஹாக்கிங்கும் மார்க்கஸும் வெளியிட்டனர். இந்தியாவில் இலட்சத்தீவிலும், 1980-களில் காரைக்காலிலும் மருந்துப்புப்பு வழங்கப்பட்டு, நுண்புழு உள்ளோர் வீதம் பெரிதும் குறைந்தது. புதுச்சேரியில் 1975-இல் நிறுவப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்நோய் குறித்த தென்னிந்திய ஆய்வுகளில் முன்னின்றது.

மருந்துப்பை மிகப் பெரிய அளவில் பயன்படுத்திய நாடு சீனா. அரசின் கட்டுப்பாட்டில் உப்பு வழங்கல் இருந்ததால் அங்கு மாதக்கணக்கில் ஒரு மாவட்டம் முழுவதும் மருந்துப்பு மட்டுமே கிடைக்கும்படி செய்ய முடிந்தது. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து யானைக்கால் நோயைச் சீனா ஒழித்துவிட்டது என 2007-இல் அறிவிக்கப்பட்டது. பல வணிகர்கள் பல வகை உப்பை விற்கும் சந்தையில் இது எளிதன்று.

ஆண்டுக்கு ஒரு வேளை

மாற்று வழியைத் தந்தவை ஒற்றை வேளை மருந்து பற்றிய ஆய்வுகள். பசிபிக் தீவுகளிலும் பிறவிடங்களிலும் 1980-களிலும் 1990-களிலும் நடந்த சோதனைகள், கிலோவுக்கு 6 மில்லிகிராம் என்ற ஒரே வேளை மருந்து ஓராண்டுக்குப் பின்னும் நுண்புழு எண்ணிக்கையைத் தாழ்ந்த நிலையில் வைத்திருப்பதைக் காட்டின. முதிர்ந்த புழுவின் மீதான விளைவையும் அப்போது நேரடியாகக் காண முடிந்தது. பிரேசிலின் ரெசிஃபி நகர ஆய்வாளர்கள் மீயொலிக் கருவியால் விரைப்பையின் நிணநீர் நாளங்களைப் பார்த்தபோது, உயிருள்ள புழுக்கள் இடைவிடாது நெளிவது திரையில் தெரிந்தது. இதற்கு ‘ஃபைலேரியா நடனம்’ என்று பெயரிட்டனர். மருந்துக்குப் பின் சில புழுக்களின் நடனம் நின்றது, சில தொடர்ந்தன. ஒற்றை வேளை மருந்து கொன்ற அளவுக்கு மேல் பன்னிரண்டு நாள் மருந்து பெரிதாகக் கொன்றுவிடவில்லை.

முதிர்ந்த புழு ஒன்று ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆண்டுக்கொரு முறை ஊரில் பெரும்பாலோர் மருந்துண்டு, நுண்புழுக்களைக் கொசுவுக்குக் கிடைக்காத அளவுக்குக் குறைத்து வந்தால், முதிர்ந்த புழுக்கள் வாரிசின்றி மூப்படைந்து மடியும். இதுவே இன்றைய ஒழிப்பு முறையின் அடிப்படை. கியூலெக்ஸ் கொசு, இரத்தத்தில் மிகச் சில நுண்புழுக்கள் இருந்தாலும் அவற்றைப் பரப்ப வல்லது. ஆதலால் மருந்துண்ணாதவர் ஊரில் மிகுந்தால் இம்முறை தோற்கும்.

1997-இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோயை ஒழிக்கத் தீர்மானித்தது. 2000-இல் உலக அளவிலான ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அப்போது ஏறத்தாழ 12 கோடிப் பேருக்குத் தொற்றும், அவர்களில் 4 கோடிப் பேருக்கு உடல் ஊனமும் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களின் சில மாவட்டங்களில் ஒற்றை வேளை மருந்து வழங்கல் 1990-களின் பிற்பகுதியிலேயே முன்னோட்டமாக நடைபெற்றது. 2004 முதல் அது நாடு தழுவியதாயிற்று. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடும் நோயுற்றோர் தவிர மற்ற அனைவரும் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் மாத்திரையை விழுங்க வேண்டும் என்பது விதி. கையில் வாங்கி வைத்துக்கொண்டவர்களில் பலர் அதை உண்ணாததே இவ்விதிக்குக் காரணம். டி.இ.சி.யுடன் அல்பெண்டசோல் மாத்திரையும் பின்னர் சேர்க்கப்பட்டது.

இலங்கையில் மேல், தென், வடமேல் மாகாணங்கள் இந்நோய் நிலவிய பகுதிகள். 2002 முதல் 2006 வரை ஐந்து ஆண்டுகள் அங்கு டி.இ.சி.யும் அல்பெண்டசோலும் வழங்கப்பட்டன. 2016-இல் மாலத்தீவும் இலங்கையும் யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழித்த நாடுகளாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டன.

செயல்முறை பற்றிய பிற்கால ஆய்வுகள்

ஹாக்கிங் எழுப்பிய கேள்வி அரை நூற்றாண்டுக்குப் பின்னும் முற்றாகத் தீரவில்லை. அரகிடோனிக் அமிலத்திலிருந்து உடல் உருவாக்கும் அழற்சிப் பொருள்களின் பாதையில் டைஎத்தில்கார்பமசின் குறுக்கிடுவது 1990-களுக்குள் தெளிவாயிற்று. இதனால் இரத்தக் குழாய்கள் சுருங்குவதும், நுண்புழுக்கள் குழாய்ச் சுவரில் சிக்குவதும் எளிதாகலாம் என்று கருதப்பட்டது. 2005-இல் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள், நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் குறிப்பிட்ட நொதி நீக்கப்பட்ட எலிகளில் இம்மருந்து புரூஜியா நுண்புழுக்களைக் குறைப்பதில்லை என்று காட்டினர். விலங்கின் உடலில் ஒரு நொதி இல்லையென்றால் மருந்து செயலிழக்கிறது என்பது ஹாக்கிங்கின் முடிவுக்கு வலுவான ஆதரவு.

2020-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு, கதையின் மறுபாதியைத் திறந்தது. புரூஜியா புழுவின் தசையிலுள்ள டி.ஆர்.பி. எனப்படும் அயனி வாயில்களை இம்மருந்து திறப்பதையும், அதனால் புழு விரைந்து செயலிழப்பதையும் அது காட்டியது. ஆனால் அந்தச் செயலிழப்பு தற்காலிகமானது. சில மணி நேரத்தில் புழு மீள்கிறது. உடலுக்குள் அந்தச் சிறிது நேரம் போதும் என்று கொள்ளலாம். அசைய முடியாத நுண்புழு கல்லீரலில் சிக்குகிறது, பாதுகாப்பு அணுக்கள் அதை அழிக்கின்றன. மருந்தும் உடலும் சேர்ந்தே செயல்படுகின்றன என்பதே இதுவரையிலான ஆய்வுகளிலிருந்து பெறப்படும் படம்.

இன்றைய நிலை

டி.இ.சி., அல்பெண்டசோல், ஐவர்மெக்டின் ஆகிய மூன்றையும் ஒரே வேளையில் தருவது நுண்புழுக்களை நீண்ட காலத்துக்கு நீக்குவது பப்புவா நியூ கினியில் நடந்த சோதனைகளில் தெரியவந்தது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைக் குறிப்பிட்ட பகுதிகளுக்குப் பரிந்துரைத்தது. 2018-இல் பீகாரின் அர்வால் மாவட்டத்தில் இந்தியா அதைத் தொடங்கியது. ஆப்பிரிக்க ஆற்றுக் குருட்டு நோய்க்குப் பயன்படும் ஐவர்மெக்டினும், குடற்புழு மருந்தான அல்பெண்டசோலும், பருத்தி எலியில் கண்டறியப்பட்ட டைஎத்தில்கார்பமசினும் இவ்வாறு ஒரே கையில் சேர்ந்தன.

உலகத் திட்டத்துக்கான டி.இ.சி. மாத்திரைகளை ஐசாய் என்ற ஜப்பானிய நிறுவனம் இலவசமாக வழங்குகிறது. அம்மாத்திரைகள் தயாராகும் ஆலை ஆந்திரத்தின் விசாகப்பட்டினத்தில் உள்ளது. சுப்பாராவ் பிறந்த கடலோர ஆந்திரத்திலிருந்தே அவருடைய ஆய்வகம் கண்டறிந்த மருந்து இன்று பல நாடுகளுக்குச் செல்கிறது.

இம்மருந்தால் இயலாததும் ஒன்றுண்டு. ஏற்கெனவே வீங்கிய காலை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. அவர்களுக்குத் தேவைப்படுவது நாள்தோறும் காலைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்துதல், விரலிடுக்குப் புண்களுக்கு உடனே மருந்திடுதல், காலை உயர்த்தி வைத்தல், ஏற்ற காலணி ஆகியவை. விரைவீக்கத்துக்கு அறுவை மருத்துவமே தீர்வு. நோய் பரவுவது நின்றுவிட்டதாக அறிவிக்கப்பட்ட நாடுகளிலும் இவர்கள் இன்னும் பல ஆண்டுகள் இருப்பார்கள். அதனாலேயே உலகத் திட்டம் மருந்து வழங்கலையும் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பையும் தன் இரு பணிகளாக வகுத்துக்கொண்டுள்ளது.